வானத்தைக் காட்ட எத்தனை மில்லிவாட் வேண்டும்?

"அதோ, அந்தத் தென்னங்கீற்றுக்கு மேலே ஒரு முழம். இல்லை, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். சிவப்பாக இருக்கிறதே, அதுதான் திருவாதிரை."

மொட்டை மாடியில் முப்பது பிள்ளைகளை நிறுத்தி வைத்துக்கொண்டு இப்படி விரலை நீட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும். என் விரல் நுனியில் எனக்குத் தெரிகிற நட்சத்திரம் வேறு, என் இடுப்பு உயரத்தில் நிற்கிற பையனுக்குத் தெரிவது வேறு. எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், பாதிப் பேர் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். பச்சை லேசர் கையில் இருந்தால் இந்தத் தொல்லை ஒரு நொடியில் தீர்ந்துவிடும். கையிலிருந்து கிளம்பும் மெல்லிய கோடு நேராகப் போய் நட்சத்திரத்தைத் தொட்டு நிற்பதுபோல் தோன்றும். கூட்டம் "ஓ" என்று ஒரே குரலில் சொல்லும். அந்த ஓசைக்காகவே லேசர் வாங்கியவர்கள் நாங்கள்.

பிள்ளைகளுக்கு வானம் காட்டும் எங்கள் குழுவின் பழைய லேசரை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதா, எதை வாங்குவது என்று சென்ற ஆண்டு பேச்சு வந்தது. நான்கு வழிகள் மேசைக்கு வந்தன. லேசரே இல்லாமல் சமாளிப்பது ஒன்று. 5 மில்லிவாட்டுக்கு மேல் போகாத சிறிய பச்சை லேசர் இரண்டாவது. கடைத்தெருவிலும் இணையக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சாவி போட்டுத் திறக்கிற தடித்த பச்சை லேசர் மூன்றாவது. ஒரு வாட்டும் அதற்கு மேலும் பேசுகிற நீல லேசர் நான்காவது. இரண்டு வாரம் சண்டை போட்டோம். வானத்தை இன்னும் நன்றாகக் காட்ட வேண்டும் என்றார்கள் ஒரு பக்கம். இத்தனை பிள்ளைகளின் கண்ணுக்கு யார் பொறுப்பு என்றார்கள் மறுபக்கம். நான் பக்கம் மாறியவன், அதனால் இரண்டு தரப்பையும் நியாயமாகவே சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

எளிதாகத் தள்ளிவிடக்கூடிய நீலத்திலிருந்து தொடங்குகிறேன்.

உறுப்பினர் ஒருவரின் மருமகன் அதைக் கொண்டுவந்தான். கல்லூரிப் பையன். மாடிச் சுவரில் தீக்குச்சி ஒன்றை நிறுத்திவைத்து, நான்கடி தள்ளி நின்று பொத்தானை அழுத்தினான். குச்சியின் தலை புகைந்து பற்றிக்கொண்டது. கைதட்டல். அதே நேரத்தில் சுவரில் விழுந்த நீலப் புள்ளியைப் பார்க்க முடியாமல் எல்லோரும் கண்ணைச் சுருக்கினோம். அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். லேசர்களை ஆபத்தின் அளவுப்படி பிரிக்கும் பன்னாட்டுத் தரத்தில், அரை வாட்டுக்கு மேற்பட்டவை எல்லாம் மிக ஆபத்தான வகை 4. அந்த வகையில் கற்றை கண்ணில் நேரே பட வேண்டும் என்பதில்லை, பக்கத்துச் சுவரில் விழுந்து சிதறி வரும் வெளிச்சமே கண்ணுக்கு ஆகாது. தீக்குச்சியைப் பற்றவைக்கிற ஒன்று விழித்திரைக்கு என்ன செய்யும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த நீல லேசர்கள் சாதாரண மக்கள் கைக்கு வந்த கதை சுவையானது. படம் காட்டும் புரொஜெக்டர்களுக்குள் வைப்பதற்காக வலுவான நீல டயோடுகள் செய்யப்பட்டன. 2010 வாக்கில் காசியோ புரொஜெக்டர்களை உடைத்து அந்த டயோடுகளை எடுத்து, டார்ச் லைட் உடலுக்குள் அடைத்து விற்க ஆரம்பித்தார்கள். பெட்டிக்குள் பத்திரமாக இருக்க வேண்டிய சாமான், சட்டைப் பைக்கு வந்துவிட்டது. அதன் பலன் கண் மருத்துவமனைகளில் தெரிந்தது. சவூதி அரேபியாவில், ரியாத்தின் கிங் காலித் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2014இல் 14 பேரின் கதையை வெளியிட்டார்கள். எல்லோருமே கையடக்க நீல லேசரால் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனவர்கள். சிலருக்கு அங்கே ஓட்டையே விழுந்திருந்தது.

சரி, ஆபத்தை ஒதுக்கிவிட்டு வேலைக்காவது உதவுமா என்று பார்த்தால், அங்கும் ஏமாற்றம்தான். நம் கண்ணுக்குப் பச்சை பிடித்த அளவு நீலம் பிடிப்பதில்லை. வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணில், 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம் அதே திறனுள்ள 532 நானோமீட்டர் பச்சையைவிட இருபது மடங்குக்கும் மேல் மங்கலாகத் தெரியும். இருட்டில் இந்த வித்தியாசம் குறையும், காற்றில் நீலம் கூடுதலாகச் சிதறவும் செய்யும் என்பது உண்மை. ஆனாலும் ஒரு வாட் நீலம் காட்டுகிற வானக் கோட்டை அதில் சிறு பங்குத் திறனுள்ள பச்சையே காட்டிவிடும். கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறதே என்று விழித்திரை கணக்கைத் தள்ளுபடி செய்யாது, முழு வாட்டையும் அது வாங்கிக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமே என்றான் பையன். முப்பது பிள்ளைகளுக்கும் முப்பது கண்ணாடி வேண்டும். அப்படிப் போட்டாலும், நீலத்தைத் தடுக்கும் கண்ணாடி வழியே நீலக் கோடு எப்படித் தெரியும்? இந்த இடத்தில் அவனே சிரித்துவிட்டான்.

உண்மையான போட்டி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான்.

சாவி போட்ட பச்சை லேசரை நான் நான்கு ஆண்டுகள் வைத்திருந்தேன். கனமான கறுப்பு உடல், உள்ளே லேப்டாப் பேட்டரிகளில் இருக்கும் 18650 என்ற தடித்த லித்தியம் செல், முனையில் திருகிப் போட்டால் நட்சத்திரக் கூட்டம்போல் புள்ளிகளைச் சிதறடிக்கும் ஒரு மூடி. திருவிழாக் கடைப் பொம்மைபோல் விற்கிறார்கள். அதன் மேல் ஒட்டிய மஞ்சள் சீட்டில் '<' என்ற சிறுகுறி போட்டு 1000 மில்லிவாட் என்றிருக்கும். சிறுகுறி என்றால் "இதைவிடக் குறைவு" என்று பொருள். நாலணாக் காசைக்கூட "ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு" என்று சொல்லி விற்கலாம் அல்லவா, அப்படித்தான். சில சீட்டுகளில் 5 என்று இருக்கும், உள்ளே அதைப்போல் பத்து மடங்கு வரும்.

இது என் சந்தேகம் மட்டுமில்லை. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 122 லேசர் பாயின்டர்களை வாங்கிச் சோதித்து 2013இல் முடிவைச் சொன்னது. பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் பாதுகாப்பு விதிக்கு உட்படவில்லை. அங்கே பாயின்டர் என்று விற்கிற எதுவும் 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. விதியும் சோதனைக்கூடமும் இருக்கிற நாட்டிலேயே இந்த நிலை என்றால், நம் கடைத்தெருச் சீட்டை எந்த நம்பிக்கையில் படிப்பது?

பச்சையில் மட்டும் ஏன் இவ்வளவு கோளாறு என்பதற்கும் காரணம் உண்டு. 532 நானோமீட்டர் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தைத் தூண்டுகிறது. அதிலிருந்து 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு வருகிறது. இன்னொரு படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கிப் பச்சையாக மாற்றுகிறது. மாறாமல் மிஞ்சுகிற அகச்சிவப்பைத் தடுக்கக் கடைசியில் ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டில்தான். அதே அமெரிக்க நிறுவனம் 2009 கடைசியில் 10 மில்லிவாட் என்று விளம்பரப்படுத்திய மூன்று பச்சை லேசர்களை வாங்கியது. அவற்றில் ஒன்று மங்கலான பச்சையையும், கூடவே ஏறக்குறைய 20 மில்லிவாட் அகச்சிவப்பையும் விட்டது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இமையும் மூடாது. ஜவ்வாது மலையில் தை மாதக் குளிரில் என் லேசர் சோர்ந்து போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குளிரில் படிகங்கள் சரியாக வேலை செய்யாததால் பச்சை குறைகிறது. "பாவம், சக்தி போய்விட்டது" என்று உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுவேன். பச்சை குறைந்தால் அகச்சிவப்பும் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது அந்த மாடிக் கதையைச் சொல்ல வேண்டும்.

கார்த்திகை மாதத்து இரவு. பிள்ளைகள் துருவ நட்சத்திரம் எங்கே என்று கேட்டார்கள். துருவன் கதையைக் கேட்ட பிள்ளைகள் அதை உச்சந்தலைக்கு மேலே தேடுவார்கள். நம் ஊரில் அது அடிவானத்தை ஒட்டித்தான் நிற்கும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரம். சென்னையில் 13, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. நீட்டிய கையின் முஷ்டி ஒன்று ஏறக்குறைய 10 பாகை, அவ்வளவுதான். நான் வடக்கே திரும்பி லேசரைத் தாழ்த்தினேன். கை ஒரு விரற்கடை அதிகமாக இறங்கிவிட்டது. எதிர்த்தெருவில் புதிதாகக் கட்டிய மூன்று மாடி வீட்டின் மூடிய ஜன்னல் கண்ணாடியில் கோடு முட்டியது. அடுத்த நொடி எங்கள் மாடிப்படிக் கூண்டின் வெள்ளைச் சுவரில் ஒரு பச்சைப் புள்ளி. அதற்கு ஓரடி தள்ளி, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவள் கன்னத்தில் அந்தப் பச்சையின் மெல்லிய சாயல் விழுந்ததைப் பார்த்தேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கண்ணாடி நேரே விழும் ஒளியில் ஒரு பரப்புக்கு நூற்றில் நாலு பங்கைத் திருப்பி அனுப்பும். முன்னும் பின்னுமாக இரண்டு பரப்புக்கு எட்டு. லேசர் 50 மில்லிவாட் என்று வைத்துக்கொண்டால், திரும்பி வந்தது 4 மில்லிவாட். அதாவது ஜன்னலின் எச்சில் வெளிச்சமே ஏறக்குறைய ஒரு முழுப் பாயின்டருக்குச் சமம். எவர்சில்வர் தண்ணீர்த் தொட்டியில் பட்டிருந்தால் பாதிக்கு மேல் திரும்பியிருக்கும். கை ஒன்றிரண்டு பாகை மேலே இருந்திருந்தால் ஜன்னலுக்குப் பதில் மேல்மாடிக் கைப்பிடிச் சுவரில் கை ஊன்றி நின்ற பெரியவரின் முகம்.

கண்ணைப் பற்றியும் இங்கே நாலு வார்த்தை. இருட்டில் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரிந்திருக்கும். அதற்குள் நுழைகிற லேசர் கற்றையைக் கண்ணின் லென்ஸ் தலைமுடியைவிடக் குறுகிய புள்ளியாகக் குவிக்கிறது. செறிவு ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. கூர்மையான பார்வை விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சிறு குழியில்தான் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பதும் முகம் தெரிவதும் அதனால்தான். லேசரை நேரே பார்த்தால் அந்தப் புள்ளி போய் விழுவதும் அங்கேதான். விழித்திரைக்கு வலி தெரியாது. புண்பட்டதே தெரியாமல், இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தின் வரி நடுவில் வளைகிறது, எழுத்து ஒன்று காணாமல் போகிறது என்று தெரியவரும். பளிச்சென்று பட்டுவிட்டால் கண்ணைக் கசக்கக் கூடாது. பலருக்கு லேசரைவிடக் கசக்கியதால்தான் கண் மேல் கீறல் விழுகிறது. கண் கூசிச் சில நிமிடம் நிழல் மிதப்பது பெரும்பாலும் தானே போய்விடும். நடுவில் கறை நின்றாலோ கோடுகள் வளைந்தாலோ உடனே கண் மருத்துவரிடம் போய் விழித்திரையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

இமைதான் நமக்கு இயற்கை கொடுத்த காவல். கூசும் ஒளி பட்டால் கால் நொடியில் மூடிக்கொள்ளும். 1 மில்லிவாட் வரை உள்ள வகை 2 லேசர்கள் அந்தக் கால் நொடிக் கணக்கில்தான் பாதுகாப்பானவை எனப்படுகின்றன. 5 மில்லிவாட் வரை உள்ள வகை 3ஆர் அந்த வரம்பைத் தாண்டியதுதான். ஆனால் வரம்பை வகுத்தவர்கள் காயம் உண்டாகும் அளவுக்கு வெகு கீழேயே கோடு போட்டிருக்கிறார்கள், அந்த இடைவெளிக்குள் இது அடங்கிவிடுகிறது. தற்செயலாகக் கண்ணைக் கடந்து போனால் நிரந்தரக் கேடு வருவது அரிது. வேண்டுமென்றே உற்றுப் பார்த்தால் அந்தக் கணக்கு செல்லாது. 50 மில்லிவாட் என்பது வகை 3பி. அங்கே இமை மூடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கிரீஸ் நாட்டில் ஒன்பது வயதுப் பையன் பச்சை லேசர் விளையாட்டுச் சாமானைத் திரும்பத் திரும்ப உற்றுப் பார்த்ததில் இடது கண்ணின் நடுவில் பெரிய ஓட்டை விழுந்ததை 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் படத்துடன் வெளியிட்டது. தெருவோர வியாபாரியிடம் அப்பா வாங்கிக் கொடுத்தது. எந்த அப்பாவும் செய்யக்கூடிய காரியம்தான்.

சிறிய லேசரையும் தடித்த லேசரையும் தூரக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். கற்றை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் விரிகிறது என்று கொண்டால், 5 மில்லிவாட் லேசர் கால் நொடி வரம்பைத் தாண்டுவது சுமார் 16 மீட்டர் வரைதான். 50 மில்லிவாட்டுக்கு அது 50 மீட்டர். 500க்கு 158. ஒரு வாட்டுக்கு 220க்கு மேல். திறன் பத்து மடங்கானால் தூரம் மூன்று மடங்குக்குச் சற்று மேலாகிறது. பதினாறு மீட்டர் என்பது எங்கள் மாடிக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும், நானே கண்காணிக்கலாம். ஐம்பது மீட்டர் என்றால் எதிர்த்தெருவே உள்ளே வந்துவிடுகிறது. அந்த வீட்டுக்காரரிடம் நான் அனுமதி வாங்கவில்லை.

கண்ணைக் காயப்படுத்தாவிட்டாலும் ஒளி வேறு கெடுதல் செய்யும். இருட்டில் தரையிறங்கும் விமானியைத் திணறவைக்க மிகக் குறைந்த வெளிச்சம் போதும். 5 மில்லிவாட் பச்சை மூன்றரை கிலோமீட்டர் தள்ளியுள்ள விமானியின் கவனத்தைக் கலைக்கும், 350 மீட்டருக்குள் பார்வையையே மறைக்கும். 50 மில்லிவாட்டுக்கு இவை 11 கிலோமீட்டரும் 1.1 கிலோமீட்டரும். தூரத்தில் கற்றை மீட்டர் கணக்கில் விரிந்துவிடுவதால் விமானியின் கண்ணைக் குறிபார்க்க வேண்டிய தேவையே இல்லை. முன்கண்ணாடியின் நுண்கீறல்களில் பட்டுக் கண்ணாடி முழுவதும் பச்சையாகப் பற்றி எரிவதுபோல் ஆகிவிடும். அமெரிக்காவில் 2023இல் மட்டும் விமானிகள் 13,304 முறை இப்படிப் புகார் கொடுத்தார்கள். அங்கே 2012இல் வந்த சட்டமும் பிரிட்டனில் 2018இல் வந்த சட்டமும் இதற்கு ஐந்தாண்டு வரை சிறை என்கின்றன. 2008இல் சிட்னியில் தரையிறங்க வந்த ஆறு விமானங்கள் மீது ஒரே நேரத்தில் லேசர் பாய்ந்த பிறகு, 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட பாயின்டர்களை அனுமதியின்றி இறக்குமதி செய்வதையே ஆஸ்திரேலியா தடுத்துவிட்டது. சென்னையிலும் பரங்கிமலை, கிண்டிப் பக்கங்களிலிருந்து விமானங்கள் மீது லேசர் பாய்ச்சியதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. செய்தவர்களில் எத்தனை பேர் என்னைப்போல் "சும்மா வானத்தைக் காட்டியவர்கள்" என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது.

தடித்த லேசரின் பக்கம் பேசியவர்களுக்கு ஒரு வலுவான வாதம் இருந்தது. ஊருக்குள் எல்.இ.டி. தெருவிளக்கு வெளிச்சத்தில் 5 மில்லிவாட் கோடு சரியாகத் தெரியாது, மலையில்தான் தெரியும். உண்மை. நானும் நான்கு ஆண்டுகள் இதையே சொன்னவன். ஆனால் இந்த வாதத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் நான் பக்கம் மாறினேன். அதிகத் திறன் தேவைப்படுகிற இடம் எது? ஊர். எதிர்வீட்டு ஜன்னலும் பால்கனியும் விமானப் பாதையும் இருப்பது எங்கே? அதே ஊரில். மலையில் 50 மில்லிவாட்டை யார் மேலும் படாமல் பயன்படுத்தலாம், ஆனால் அங்கே 5 மில்லிவாட்டே போதும். ஆக, அந்தத் தடித்த லேசருக்கு நியாயமான இடமே அமையவில்லை.

இடைவழி ஒன்றும் பேசப்பட்டது. நம்பகமான நிறுவனத்திடம் 20 அல்லது 30 மில்லிவாட்டில் வாங்கிப் பெரியவர்கள் மட்டும் கையாளலாம் என்றார் ஒருவர். பயிற்சியும் கட்டுப்பாடும் உள்ள குழுக்களுக்கு அது பொருந்தலாம். எங்கள் குழுவில் "அண்ணா, ஒரே ஒரு தடவை நான் பிடிக்கிறேன்" என்று கேட்டால் மறுக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லை.

5 மில்லிவாட்டை மலையில் சோதித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் புரிந்தது. கோடு எல்லோருக்கும் ஒரே அளவில் தெரிவதில்லை. பிடித்திருப்பவரின் தோளை ஒட்டி நின்றால் நல்ல பிரகாசம், பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்றால் பாதி மங்கல். கோட்டின் நீளவாக்கிலேயே பார்க்கும்போது வழியெங்கும் சிதறி வரும் ஒளி ஒன்றுசேர்ந்து கண்ணுக்கு வருகிறது. ஆகவே திறனைக் கூட்டுவதற்குப் பதில் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்தால் போதும். எட்டுப் பேராக முதுகுக்குப் பின்னால் நிறுத்துகிறோம். முகத்துக்கு முன்னால் யாரும் வராததால் பாதுகாப்புக்கும் அதுவே நல்லது.

வாங்கும்போது பார்த்த விஷயங்கள் சில. பேட்டரியைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். 5 மில்லிவாட் விடுவதற்கு 18650 செல் எதற்கு? இரண்டு சிறிய பென்சில் செல் போதும். சாவி இருப்பது பாதுகாப்பின் அடையாளம் என்று விற்பவர் சொல்வார், சாவி தேவைப்படுகிற அளவுக்கு ஆபத்தானது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். பலூன் உடைக்கும், தாளைப் பொசுக்கும் என்று விளம்பரம் செய்கிற எதுவும் வேண்டாம். சீட்டில் அலைநீளம், அதிகபட்சத் திறன், வகை மூன்றும் இருக்க வேண்டும். 520 நானோமீட்டர் என்றிருந்தால் பச்சை டயோடிலிருந்து நேராக வருகிறது என்று பொருள். அகச்சிவப்புக் கசிவுக்கு அதில் வழியில்லை, குளிரிலும் அவ்வளவாகச் சோராது. 532ஐவிடக் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கல், பரவாயில்லை. அழுத்தினால் மட்டும் எரிகிற பொத்தான் கட்டாயம். தட்டினால் எரிந்துகொண்டே இருக்கிற வகை, கை தவறி விழும்போது வானத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுட்டிவிட்டுத்தான் நிற்கும்.

கடைசியாக, லேசரே இல்லாத வழி. இதை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. முன்மொழிந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கொண்டுவந்தது ஒரு நீண்ட மூங்கில் கழி. பையனின் பின்னால் நின்று, கழியை அவன் கன்னத்தை ஒட்டி நீட்டி, "நுனியைப் பார்" என்றார். அவன் கண்ணும் கழியும் ஒரே கோட்டில் வந்தன. விரலால் காட்டும்போது நேர்கிற பிழை அங்கே இல்லை. ஒருவருக்குக் காட்டியதும் அவனிடமே கழியைக் கொடுத்து அடுத்தவனுக்குக் காட்டச் சொன்னார். அது மெதுவான வேலைதான். முப்பது பேருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் வேட்டைக்காரன் உருவமுள்ள ஒரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பிடித்து, அந்தக் கோட்டை மேலே நீட்டினால் ரோகிணி, இன்னும் நீட்டினால் கார்த்திகைக் கொத்து, எதிர்ப்பக்கம் நீட்டினால் சிரியஸ் என்று வழி சொன்னதும் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதம் வந்தபோது அதை மறக்கவும் இல்லை. லேசரால் காட்டியதை அவர்கள் அவ்வளவாக நினைவில் வைத்திருப்பதில்லை, நினைவில் நிற்பது லேசர்தான். தொலைநோக்கியில் படமெடுப்பவர்களும் இந்த வழியில் நிம்மதியடைந்தார்கள். பத்து நிமிடம் காத்திருந்து எடுக்கிற படத்தின் குறுக்கே பச்சைக் கோடு ஓடினால் அவர்கள் பேசும் தமிழைப் பிள்ளைகள் கேட்கக் கூடாது.

ஒளி வேண்டுமென்றால் கற்றையைக் குறுக்கிக்கொள்ளும் எல்.இ.டி. டார்ச் இருக்கிறது. தூசும் ஈரமும் உள்ள ஊர்க்காற்றில் அதன் வெள்ளைத் தூண் ஓரளவு தெரியும். லேசர்போல் ஒரு புள்ளியில் குவிந்து விழித்திரையைச் சுடாது. துல்லியம் குறைவு, இந்தப் பக்கம் என்று காட்டப் போதும்.

ஊருக்குள் மாடியில் கழியும் டார்ச்சும், மலைக்குப் போகும்போது மட்டும் 5 மில்லிவாட் என்று முடிவெடுத்தோம். மலையிலும் அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டிக்குக் கீழே லேசர் இறங்கக் கூடாது, ஆகவே துருவ நட்சத்திரம் எப்போதும் கழிக்குத்தான். நகரும் விளக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் தனியாக நிற்பார், அவர் "வேண்டாம்" என்றால் கேள்வி கிடையாது. லேசர் ஒருவர் பையில், செல்கள் இன்னொருவர் பையில். என் பழைய சாவி லேசரை இரண்டு பேர் இலவசமாகக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. முன் லென்ஸைக் கழற்றி, உள்ளே இருந்த பலகையை உடைத்து, மின்கழிவில் சேர்த்தேன். நானூறு ரூபாய்ச் சாமானுக்கு இவ்வளவு சடங்கா என்றாள் மனைவி.

மருமகனின் நீல லேசர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவன் அதை இன்னும் வைத்திருக்கிறான், அலமாரியின் மேல்தட்டில். அதன் பேட்டரி மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை போன் செய்து கேட்கிறான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.